இளமை தீர்திறம்: தமிழ்த் திரையில் நடுவயதுத் தனிப்பெண்ணின் காதலும் மதுரைப் படங்களின் மௌனமும்

ஆய்வுச் சுருக்கம்

இளமை கடந்தோர் காதலைத் தொல்காப்பியம் பெருந்திணையுள் ‘இளமை தீர்திறம்’ எனக் குறிக்கிறது. இளம்பூரணர் அதனை மூவகையாகப் பகுத்துரைக்கிறார். அப்பகுப்பை அளவுகோலாகக் கொண்டு ‘அபூர்வ ராகங்கள்’ (1975), ‘முதல் மரியாதை’ (1985), ‘சில்லுக் கருப்பட்டி’ (2019) ஆகிய படங்களையும், மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் களமாகக் கொண்ட சில படங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஆணின் இளமை தீர்ந்த காதலைக் காவியமாக்கும் தமிழ்த் திரை, பெண்ணின் அத்தகைய காதலை விடுகதையாகவோ வசையாகவோ மாற்றிவிடுகிறது. மதுரைப் படங்களோ அப்பெண்ணின் நடுவயதையே கதையிலிருந்து நீக்கிவிடுகின்றன. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: பெருந்திணை, இளமை தீர்திறம், நடுவயதுப் பெண், அபூர்வ ராகங்கள், முதல் மரியாதை, மதுரைப் படங்கள்.

முன்னுரை

தமிழ்த் திரைப்படத்தில் நடுவயதுப் பெண்ணுக்குப் பஞ்சமில்லை. தாயாக, மாமியாராக, மூத்த சகோதரியாக, கைம்பெண்ணாக, சில வேளைகளில் நகைச்சுவைக்குரிய முதிர்கன்னியாக அவள் ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் இடம்பெறுகிறாள். துணையின்றி வாழும் அவள் தனக்கென ஒரு காதலை விரும்புகிறாள் என்பதைக் கதையின் மையமாகக் கொண்ட படங்களோ மிகச் சில. இவ்வின்மையைச் சந்தையின் தேவையைக் கொண்டு விளக்குவது வழக்கம். இளைஞர்களே அரங்கை நிரப்புகின்றனர், ஆதலால் இளமைக் காதலே படமாகிறது என்பர். இவ்விளக்கம் பாதி உண்மையே. அதே அரங்கில், அதே பார்வையாளர் முன்னிலையில், நடுவயது ஆணின் காதல் வெற்றி பெற்றிருக்கிறது. ஆகவே இங்குத் தடையாக இருப்பது வயது மட்டும் அன்று. வயதையும் பாலையும் ஒருசேர எடைபோடும் ஒரு மதிப்பீடு. அம்மதிப்பீட்டின் வடிவத்தை அறியத் தமிழ் அகப்பொருள் மரபே உதவுகிறது.

1. இலக்கணம் தந்த இடம்

தொல்காப்பியம் அகத்திணை ஏழனுள் கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் வைத்து, இடையிலுள்ள ஐந்தினையே ஒத்த அன்பின் களமாகக் கொள்கிறது. பெருந்திணைக்கு உரியனவாக அது சுட்டும் நான்கு கூறுகளுள் ஒன்று இளமை தீர்திறம். இதனை இளம்பூரணர் மூன்றாக விரிக்கிறார். தலைவன் முதியவனாகத் தலைவி இளையவளாதல் முதல் வகை. தலைவி முதியவளாகத் தலைவன் இளையவனாதல் இரண்டாம் வகை. இருவரும் இளமை நீங்கிய பின், அறத்தை நாட வேண்டிய மனம் காமத்தை நாடுதல் மூன்றாம் வகை.

இப்பகுப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, உரையாசிரியர் மூவகையையும் ஒரே தட்டில் வைக்கிறார். முதிய ஆணுக்குத் தனிச் சலுகை தரவில்லை. ஆனால் சலுகைக்கான வாயில் நூலின் வேறோரிடத்தில் திறந்திருக்கிறது. களவியல், ஒத்த தலைவனும் தலைவியும் எதிர்ப்படுதலைக் கூறும்போது, தலைவன் மிக்கவனாயினும் குற்றமில்லை என்று தளர்வு தருகிறது. தலைவி மிக்கவளாதற்கு அத்தளர்வு இல்லை. அவ்விடம் வயதைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. எனினும் மெய்ப்பாட்டியல் கூறும் பத்துவகை ஒப்புகளுள் ஆண்டும் ஒன்றாதலின், மிகுதி என்பது ஆணுக்கு இழுக்கன்று என்னும் மனப்பாங்கு அதில் தெளிவாகவே உள்ளது.

இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. இளமை நீங்கியோர் அறத்தை நாட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, அவர்கள் இளமையில் காமத்தை நுகர்ந்து நிறைந்தவர்கள் என்னும் முற்கோளின்மேல் நிற்கிறது. கற்பியலும், காமம் நிறைவுற்ற இறுதிக் காலத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் கூடித் தலைவனும் தலைவியும் அறம் பயிலுதலையே இல்லறத்தின் பயனாகக் கூறுகிறது. அவ்வாறாயின், காமம் நிறைவுறாமலேயே, ஏன், தொடங்காமலேயே அக்காலத்தை அடைந்துவிட்ட பெண்ணின் நிலை என்ன? முந்தைய பருவம் வாய்க்காத ஒருத்தியிடம் பிந்தைய பருவத்தின் கடமையைக் கேட்கலாமா? இலக்கணம் இவ்வினாவை எழுப்பவில்லை. நடுவயதுத் தனிப்பெண்ணின் காதலைப் பேசும் எந்தப் படமும் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவே.

2. ‘அபூர்வ ராகங்கள்’: விடுகதையான காதல்

இளம்பூரணரின் இரண்டாம் வகைக்குத் தமிழ்த் திரையின் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, கே. பாலசந்தர் இயக்கி 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று வெளிவந்த ‘அபூர்வ ராகங்கள்’. கருநாடக இசைப் பாடகி பைரவி (ஸ்ரீவித்யா) தனித்து வாழ்பவள். புகழும் பொருளும் உடையவள். அவளைவிட மிக இளையவனான பிரசன்னா (கமல்ஹாசன்) அவளைக் காதலிக்கிறான். பைரவியின் மகள் ரஞ்சனியோ (ஜெயசுதா) பிரசன்னாவின் தந்தையை மணக்க விரும்புகிறாள். இவ்விரு மணங்களும் நிகழ்ந்தால் யார் யாருக்கு என்ன உறவாவர் என்பதை வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்ட புதிரோடு படம் இணைக்கிறது.

இவ்வமைப்பின் திறமையை மறுப்பதற்கில்லை. முதல் வகையையும் இரண்டாம் வகையையும் ஒரே கதையில் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றை ஏற்பவர் மற்றதை ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்கும் துணிவு அதில் உள்ளது. எனினும் அப்புதிரே பைரவியை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது. அவள் விரும்புகிறாளா என்னும் வினா, அவள் மகளுக்கு அவள் என்ன முறையாவாள் என்னும் வினாவாக உருமாறுகிறது. ஓராண்டு முன்னர் வெளிவந்த செருமானிய இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் படத்தோடு இதனை ஒப்பிடலாம். துப்புரவுப் பணி செய்யும் முதிய கைம்பெண் எம்மி, தன்னிலும் மிக இளைய மொரோக்கோத் தொழிலாளி ஒருவனை மணக்கிறாள். அங்கு நெருக்கடி பிள்ளைகளின் அருவருப்பிலிருந்தும், அயலாரின் புறக்கணிப்பிலிருந்தும், கடைக்காரரின் பகையிலிருந்தும் பிறக்கிறது. சமூகமே தடையாகக் காட்டப்படுவதால் பார்வையாளர் சமூகத்தை நோக்கிக் கேள்வி கேட்கின்றனர். பாலசந்தர் படத்தில் அவ்விடத்தை உறவுமுறைக் கணக்கு பிடித்துக்கொள்வதால், கேள்வி சமூகத்தைத் தொடாமல் கணக்கிலேயே நின்றுவிடுகிறது.

மேலும், பைரவி காதலைத் தேடுபவள் அல்லள், தேடப்படுபவள். விருப்பத்தைச் சொல்பவன் பிரசன்னா, அவள் தயங்குபவள். அவள் மனம் இளகும் தறுவாயில் அவளுடைய பழைய வாழ்வின் ஆண் பாண்டியன் வந்து சேர்கிறான். ரஜினிகாந்தின் முதல் திரைத்தோற்றமாக நினைவுகூரப்படும் அந்த வாயிற்கதவுக் காட்சியின் கதைத்தொழிலை எண்ணிப் பார்க்க வேண்டும். நெடுநாள் தனித்து வாழ்ந்த ஒருத்தியின் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு, தன்னை அவள் கணவன் என்று கூறிக்கொள்ளும் உரிமை அவனுக்கு இன்னும் இருக்கிறது. நோயுற்ற அவன் இறந்ததும் பைரவி நெற்றிக் குங்குமத்தை அழிக்கிறாள். காதலியாவதற்கு நின்றவள் கைம்பெண்ணாகிறாள். பிள்ளைகள் அவரவர் பெற்றோரிடம் திரும்ப, புதிர் விடுபடாமலேயே கலைக்கப்படுகிறது.

நடிகர்த் தேர்விலும் இத்தயக்கம் தெரிகிறது. படம் வெளிவந்தபோது ஸ்ரீவித்யாவுக்கு வயது 22, கமல்ஹாசனுக்கு 20. வளர்ந்த மகளின் தாயாக நடித்தவருக்கும் அவரைக் காதலிக்கும் இளைஞராக நடித்தவருக்கும் இடையே உண்மையில் இரண்டாண்டு வேறுபாடுகூட இல்லை. நடுவயதை உரையாடல் சொல்கிறது, உடல் சொல்லவில்லை. இளமை தீர்ந்த பெண்ணுடலைக் காதலின் இலக்காகப் பார்வையாளர் ஒருகணமும் காண நேராதவாறு படம் அவர்களைக் காத்துவிடுகிறது. ஸ்ரீவித்யாவின் நடிப்பு இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. விரைவில்லாத பேச்சாலும் அடங்கிய பார்வையாலும் இல்லாத ஆண்டுகளை அவர் தம் முகத்தில் வருவித்துக்கொள்கிறார். ஆயினும் ஈடுசெய்ய வேண்டிய குறை அங்கு இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

3. ‘முதல் மரியாதை’: யாருடைய தனிமை?

இரண்டாம் வகை புதிராகிக் கலைந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் முதல் வகை பெற்ற வரவேற்பு முற்றிலும் வேறானது. அன்றைய மதுரை மாவட்டத்து அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா இயக்கிய ‘முதல் மரியாதை’யில், ஊர்ப் பெரியவர் மலைச்சாமிக்கும் (சிவாஜி கணேசன்) பரிசல் ஓட்டும் இளம்பெண் குயிலுக்கும் (ராதா) இடையே மலரும் அன்பு, தமிழ்த் திரையின் மிகச் சிறந்த காதல்களுள் ஒன்றாக இன்றளவும் போற்றப்படுகிறது. சிவாஜி கணேசனுக்கு அப்போது வயது 56. இங்கு வயதை ஒளிக்கத் தேவை எழவில்லை. தளர்ந்த உடலும் நரைத்த முடியும் அக்காதலுக்கு அழகு சேர்த்தன. ஆற்றங்கரையும், இளையராஜாவின் இசையும், தேசிய விருது பெற்ற வைரமுத்துவின் பாடல்களும் பெருந்திணைக்குரிய ஒரு நிலையை ஐந்திணையின் அழகுக்கு உயர்த்தின.

இவ்வுயர்வுக்கு விலை கொடுத்தவள் பொன்னாத்தா (வடிவுக்கரசி). வேறொருவனால் கருவுற்றிருந்த அவளை, அவள் குடும்பத்தின் மானம் காக்க மலைச்சாமி மணக்கிறார். அதன்பின் அவளோடு இல்லற உறவு கொள்ளாமலே வாழ்கிறார். படம் இதனை மலைச்சாமியின் தியாகமாகவும் அவருடைய நெடுந்தனிமையின் காரணமாகவும் காட்டுகிறது. ஆனால் உறவின்றிக் கழிந்த ஆண்டுகள் இருவருக்கும் ஒரே எண்ணிக்கைதானே? ஒரே கூரையின் கீழ், ஒரே கால அளவு, பொன்னாத்தாவும் தீண்டப்படாமல் வாழ்ந்திருக்கிறாள். இளமையில் ஒருவனால் கைவிடப்பட்டு, பின்னர் ஊரறிய மனைவியாகவும் வீட்டுக்குள் அன்னியளாகவும் முதுமையை நோக்கிச் செல்பவள் அவள். திருமணத்துக்குள்ளேயே தனித்து நிற்கும் நடுவயதுப் பெண் என்று அவளைக் கூறுவது மிகையன்று.

மலைச்சாமியின் தனிமைக்கு இசையும் ஆறும் பறவையொலியும் தரப்படுகின்றன. பொன்னாத்தாவின் தனிமைக்குத் தரப்படுவது வசைச்சொல் ஒன்றே. அவள் ஓயாமல் ஏசுகிறாள். அவ்வேச்சே குயிலை நோக்கி மலைச்சாமி செல்வதற்கான நியாயமாகிறது. அவள் ஏன் ஏசுகிறாள் என்பதைப் படம் அவள் குணக்கேடாக முடிவுகட்டிவிடுகிறது. வடிவுக்கரசி அப்போது முப்பதை எட்டாதவர். எனினும் அவருடைய இளமை, ஸ்ரீவித்யாவின் இளமையைப் போலத் திரையில் வெளிப்பட இடம் தரப்படவில்லை. காதலிக்கப்படும் பாத்திரமன்று என்பதால் அது முழுவதும் மூடப்பட்டது. ஒரு வீட்டில் இருவர் பட்டினி கிடக்க, ஒருவர் பசியைப் பாட்டாகவும் மற்றவர் பசியைக் கூச்சலாகவும் கேட்கப் பழக்கியதில்தான் இப்படத்தின் பெரும் வெற்றியும் அதன் அநீதியும் சேர்ந்தே அடங்கியுள்ளன.

4. ‘டர்டில்ஸ்’: நிபந்தனையுடன் கிட்டிய இடம்

மூன்றாம் வகைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு, ஹலிதா ஷமீம் இயக்கிய ‘சில்லுக் கருப்பட்டி’யின் நான்கு கதைகளுள் ஒன்றான ‘டர்டில்ஸ்’. மணம் செய்துகொள்ளாமலே முதுமையை அடைந்த யசோதாவும் (லீலா சாம்சன்), மனைவியை இழந்த நவநீதனும் நகரத்தில் சந்தித்து, மெல்ல ஒருவர்க்கொருவர் துணையாகின்றனர். கடலாமைகளின் இயல்பான நிதானம் அவர்கள் நெருக்கத்துக்கு உவமையாகிறது.

முன்னர் எழுப்பிய வினாவுக்கு இக்கதை நேராகவே விடை தருகிறது. யசோதா காமத்தை நிறைத்து அறத்துக்குச் சென்றவள் அல்லள். முந்தைய பருவம் அவளுக்கு வாய்க்கவே இல்லை. அதற்காகப் படம் அவளை இரங்கவும் இல்லை, ஏளனம் செய்யவும் இல்லை. தன் தனிமையைத் தானே நடத்திக்கொள்ளத் தெரிந்த ஒருத்தியாக அவளைக் காட்டி, அத்தனிமையிலிருந்து ஓரடி வெளியே வைப்பதன் கூச்சத்தையும் மகிழ்ச்சியையும் பின்தொடர்கிறது. லீலா சாம்சனின் உண்மையான வயதும் சுருக்கங்களும் மறைக்கப்படவில்லை. 44 ஆண்டுகளுக்கு முன் பைரவிக்கு மறுக்கப்பட்ட உடல் இங்கு யசோதாவுக்குக் கிடைக்கிறது.

ஆயினும் இந்த ஏற்புக்குப் பின்னுள்ள நிபந்தனைகளையும் காண வேண்டும். யசோதா நடுவயதினள் அல்லள், முதியவள். அவளைத் தடுக்கும் பிள்ளைகளோ உடன்பிறந்தாரோ கதையில் இல்லை. சாதியும் சொத்தும் தலைகாட்டுவதில்லை. பெருநகரம் அவளுக்குப் பெயரறியா வாழ்வைத் தருகிறது. மகப்பேறு, பங்கு, மானம் ஆகிய அச்சங்கள் அனைத்தும் விலகிய பிறகே இளமை தீர்திறம் இனிமையாகிறது. நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட பெண்ணின் காதலில் அவ்வச்சங்கள் யாவும் உயிரோடிருக்கும். அவ்வயதைத் தமிழ்த் திரை இன்னும் தாண்டியே செல்கிறது. அவ்வாறு தாண்டப்படுவதை மிகத் தெளிவாகக் காட்டுவன, குலமானமும் சொத்தும் சாதியும் கதையின் நரம்பாக ஓடும் மதுரைப் படங்கள்.

5. மதுரைப் படங்கள்: தாண்டப்படும் வயது

மதுரையின் மூலக்கதை தனித்து ஆண்ட பெண் ஒருத்தியைப் பற்றியது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தடாதகை முடிசூடுகிறாள்; திசைகளை வெல்கிறாள்; சிவனைக் கண்டதும் அவளுடைய மூன்றாம் கொங்கை மறைந்து மணமகளாகிறாள். நகரம் ஆண்டுதோறும் சித்திரையில் கொண்டாடுவது அவளுடைய ஆட்சியையும் வெற்றியையும் அடுத்து வரும் அத்திருமணத்தை. திருக்கல்யாண நாளில் மணமான பெண்கள் தம் தாலிச் சரட்டைப் புதிதாக மாற்றிக்கொள்வது வழக்கம். ஊரே கூடும் அந்நாளின் முதன்மையான சடங்கில் தனிப்பெண்ணுக்குப் பார்வையாளர் இடமே உண்டு. இப்பண்பாட்டுப் பின்னணியில்தான் இந்நிலத்தின் படங்களைக் காண வேண்டும்.

2000க்குப் பின் மதுரையைக் களமாகக் கொண்டு எழுந்த படங்களில் காதல் மிகுதியாக உண்டு; ஆனால் அதன் ஆயுள் குறைவு. பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) பள்ளி மாணவியின் காதலைப் பிரித்து, சில ஆண்டுகளுக்குப் பின் அவளை வேறொருவன் மனைவியாகக் காட்டுகிறது. மனம் சிதைந்த காதலனை ஏற்றுக் காக்கும் கணவனின் பெருந்தன்மையே அங்கு முடிவாகிறது. அமீரின் ‘பருத்திவீரன்’ (2007) நாயகியை இளமையிலேயே சாகடிக்கிறது. இந்நிலத்துப் பெண்ணுக்குத் திரையில் இரண்டு பருவங்களே உள்ளன: காதலிக்கும் சிறுபருவம், தாயாகிவிட்ட முதுபருவம். இடைப்பட்டது வெட்டப்பட்டுள்ளது.

இவ்வெட்டு கண்ணுக்குப் புலனாகும் இடம் சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ (2008). 28 ஆண்டுச் சிறைவாழ்வு முடிந்து 2008இல் வெளிவரும் காசியிலிருந்து படம் தொடங்கி, 1980க்குப் பின்செல்கிறது. தன் குடும்பத்தாரின் நெருக்குதலால் காதலன் அழகரை வரவழைத்துக் கொலைக்களத்தில் நிறுத்த நேர்ந்தவள் துளசி. அழகரின் சாவுக்குப் பின் அவள் படத்திலிருந்து மறைகிறாள். நிகழ்காலத்துக்குத் திரும்பும் இறுதியில் காசிக்குக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. எஞ்சிய நண்பர்களின் நடுவயது முகங்களைக் காண்கிறோம். துளசிக்கும் அந்த 28 ஆண்டுகள் கழிந்திருக்கும். 1980இல் அவளுக்கு இருபதை ஒட்டிய வயதெனக் கொண்டால், 2008இல் ஐம்பதை நெருங்கியவள். மணந்தாளா, தனித்தே வாழ்ந்தாளா, காதலனைக் காட்டிக்கொடுத்த நினைவோடு இன்னொரு காதலை விரும்ப அவளால் இயன்றதா என்பதைப் படம் கேட்கவே இல்லை. துரோகத்தின் விலையை ஆண்கள் உயிராலும் சிறையாலும் கொடுத்ததைக் கணக்கிட்ட கதை, அவள் கொடுத்த விலையைக் கணக்கில் எடுக்கவில்லை.

மதுரை வெளியின் மேற்கெல்லையில், முன்னர் மதுரை மாவட்டத்துள் அடங்கியிருந்த தேனிப் பகுதியில் நிகழும் சீனு ராமசாமியின் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ (2010) நடுவயதுத் தனிப்பெண்ணை மறைக்கவில்லை, மையத்திலேயே நிறுத்துகிறது. மகனைத் தனியொருத்தியாக வளர்த்த வீராயியாக நடித்த சரண்யா பொன்வண்ணன் தேசிய விருது பெற்றார். ‘நாயகன்’ (1987) படத்தில் காதலியாக அறிமுகமானவர், இங்குத் தம்மைவிட ஏறத்தாழப் பத்தாண்டே இளையவரான விஜய் சேதுபதிக்குத் தாய். வீராயியின் உழைப்பு, கோபம், பிடிவாதம், பாசம் எல்லாம் நுட்பமாகப் பதிவாகியுள்ளன. தனிமை அவளுக்கு வலித்ததா என்பது மட்டும் பதிவாகவில்லை. காதலிப்பது மகன்; அக்காதலை ஏற்பதா மறுப்பதா என்பதே தாயின் நாடகம். தாய்மையின் பெருமை, தாயாக இருக்கும் பெண்ணுக்கு வேறொரு விருப்பமும் இருக்கலாம் என்பதைக் கேளாமல் இருப்பதற்கான மரியாதையான வழியாகவும் அமைந்துவிடுகிறது.

இப்படங்கள் பகையையும் வறுமையையும் பேசுவன, நடுவயதுக் காதல் அவற்றின் பொருளன்று என்று மறுப்பு எழலாம். ஆனால் அதே மதுரையில், சேவற்சண்டையின் பகையையே பொருளாகக் கொண்ட வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ படத்தில், முதியவரான பேட்டைக்காரனுக்கு இளம் மனைவி உண்டு. அவளைப் பற்றிய அவர் ஐயம் கதையை நகர்த்துகிறது. அதாவது இளமை தீர்திறத்தின் முதல் வகைக்கு மதுரைத் திரையில் இடம் உண்டு. பிற இரு வகைகளே விலக்கப்பட்டுள்ளன. விலக்கியது கதைப்பொருள் அன்று என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

இளம்பூரணர் மூவகையையும் சமமாகப் பெருந்திணையுள் அடக்கினார். தமிழ்த் திரை அச்சமநிலையைக் குலைத்தது. முதல் வகை காவியமாயிற்று. இரண்டாம் வகை விடுகதையாகிக் கலைந்தது. மூன்றாம் வகை முதுமையும் பெருநகரமும் காவல் நிற்க அனுமதி பெற்றது. மதுரைப் படங்களில் பெண்ணின் நடுவயது, காதலுக்குரிய காலமாக இன்னும் தொடங்கவே இல்லை.

இதன் விளைவு திரையோடு முடிவதில்லை. மணமாகாமலோ, மணமுறிந்தோ, கணவனை இழந்தோ இந்நிலத்தில் வாழும் பெண்ணொருத்தி தன் விருப்பத்தை உரைக்க முனையும்போது, அவளுக்கு முன்மாதிரியாகக் கிடைப்பவை பைரவியின் தயக்கமும் பொன்னாத்தாவின் ஏச்சும் வீராயியின் உழைப்புமே. முன்மாதிரி இல்லாத விருப்பம் பிறருக்கு வெட்கமாகத் தோன்றும். நாளடைவில் அவளுக்கே அவ்வாறு தோன்றிவிடும். துளசியின் 28 ஆண்டுகள், பொன்னாத்தாவின் பேசப்படாத இரவுகள், வீராயி தன்னைப் பற்றி ஒருமுறையும் சொல்லாதவை ஆகியன எழுதப்படாத திரைக்கதைகளாக இந்நிலத்தில் காத்திருக்கின்றன. அவற்றை எழுதுவோர் பெருந்திணையை மீற வேண்டியதில்லை. காமம் நிறைவுறாதவளிடம் அறத்தைக் கேட்டது யார் என்று இலக்கணத்திடமே திரும்பக் கேட்டால் போதும்.